தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பம்ப்

செப்டம்பர் 22 வந்தால் போதும், எம்டன் பதிவுகள் வரிசை கட்டி வந்துவிடும். 1914-ல் அந்த ஜெர்மன் போர்க்கப்பல் ராத்திரி வேளையில் மெட்ராஸ் கரைக்கு வந்து குண்டு போட்டது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தது, உயர்நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு இருப்பது, கெட்டிக்காரனைப் பார்த்து நம் பாட்டிகள் "அவன் பெரிய எம்டன்" என்று சொன்னது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். தொட்டி எரிந்ததைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். தொட்டியை நிரப்பவும் காலி செய்யவும் பக்கத்திலேயே ஒரு பம்ப் இருக்குமே, அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இன்றைக்கு நான் அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

காரணம் இதுதான். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது வடசென்னையில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படம் எடுத்து அனுப்பினான். "டீச்சர், புதுசா சேர்ந்த பசங்களுக்கு இதை நான் சொல்லித் தரணும். இங்கிலீஷ்ல சொன்னா தலையாட்டிட்டுப் போயிடறாங்க. தமிழ்ல எப்படிச் சொல்றது?" என்று கேட்டிருந்தான். தகட்டில் ஓர் அறுகோணம், அதற்குள் ஈ.எக்ஸ். என்று இரண்டு எழுத்து. பக்கத்தில் டி, டூ பி, டி4 என்று ஏதோ சங்கேத மொழி. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள், இன்ஜினியர் இல்லை. ஆனால் தலையாட்டிவிட்டுப் போகிற பையன்களை முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தவள். அந்தத் தலையாட்டல் எவ்வளவு ஆபத்தானது என்று எனக்குத் தெரியும். அதனால் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் மெழுகுவத்தி. என் மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரிகிற மெழுகுவத்தியை ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெள்ளையாகப் புகை எழும். தீக்குச்சியைத் திரிக்குக் கொண்டு போகாமல், அந்தப் புகையில் மேலே காட்டுங்கள். நெருப்பு புகை வழியாகக் கீழே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகு இல்லை, மெழுகின் ஆவி. பெட்ரோலும் அப்படித்தான். அந்தத் திரவம் பனி உறையும் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். காற்றில் அந்த ஆவி நூற்றுக்கு ஏறக்குறைய 1.4 பங்கிலிருந்து 7.6 பங்கு வரை இருந்தால் ஒரு பொறி போதும். அதற்குக் குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் மேலே போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளத்தையும் கால்வாயையும் தேடும், வெள்ளம் மாதிரி.

பம்பில் பொறி எங்கிருந்து வரும்? மோட்டாரின் மின் இணைப்பு தளர்ந்தால் வரும், சுவிட்சைப் போட்டாலே வரும். பேரிங் தேய்ந்து சூடேறினால் பொறியே வேண்டாம், சூடு போதும். உள்ளே எண்ணெய் இல்லாமல் பம்பைச் சும்மா ஓடவிட்டால் சீல் வறண்டு கொதிக்கும். எண்ணெய் குழாயில் வேகமாக ஓடும்போது உராய்வால் நிலை மின்சாரம் வேறு சேரும். எர்த் கம்பி சரியாக இல்லாவிட்டால் அது எங்கேயாவது தாவிக் குதிக்கும். போதாததற்கு, பம்பின் சீல்தான் எண்ணெய் முதலில் கசிகிற இடமும். ஆவியும் பொறியும் ஒரே மேடையில் குடியிருக்கின்றன.

இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர்கள் எண்ணெய்க்காரர்கள் இல்லை, நிலக்கரிச் சுரங்கக்காரர்கள். சுரங்கம் தோண்டினால் தண்ணீர் ஊறும், இறைத்தாக வேண்டும். 1712-ல் இங்கிலாந்தில் நியூகாமன் செய்த நீராவி இயந்திரமே சுரங்கத் தண்ணீரை இறைக்கத்தான். அது தரைக்கு மேலே நின்றது. கீழே மீத்தேன் வாயு இருந்தது, தொழிலாளி கையில் விளக்கு இருந்தது. 1812-ல் ஃபெல்லிங் சுரங்கத்தில் 92 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் 1815-ல் ஹம்ஃப்ரி டேவி விளக்கைச் சுற்றிக் கம்பி வலை கட்டினார். வாயு வலைக்குள் போய் எரியும், ஆனால் தீ வலையைத் தாண்டி வெளியே வராது. உலோகம் சூட்டை இழுத்துக்கொள்வதால் சின்னத் துளையில் நுழையும் தீ குளிர்ந்து செத்துவிடும். பள்ளி ஆய்வகத்தில் பன்சன் பர்னருக்கு மேல் கம்பி வலையைப் பிடித்து, வலைக்கு மேலே மட்டும் வாயுவைப் பற்றவைத்துக் காட்டுவோம் இல்லையா, அதேதான்.

மின்சார மோட்டார்கள் சுரங்கத்துக்குள் இறங்கியபோது இந்தப் பழைய வலைத் தத்துவம் மறுபடி கைகொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பைலிங் என்பவர் மோட்டார் கூடுகளுக்குள் வாயுவை நிரப்பி வேண்டுமென்றே வெடிக்கவைத்துச் சோதித்துப் பார்த்தார். அவர் கண்டது பலருக்கு இன்றும் தெரியாத விஷயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஃப்ளேம்ப்ரூஃப் மோட்டார் என்றால் வாயு உள்ளே போகாதபடி இறுக்கி அடைத்த மோட்டார் என்று நினைக்கிறோம். இல்லவே இல்லை. மோட்டார் ஓடினால் சூடாகும், நிறுத்தினால் ஆறும். சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியே போகும், ஆறும்போது வெளிக்காற்று உள்ளே வரும். மூச்சு விடுகிற மாதிரி. ஆவியும் அந்த மூச்சோடு உள்ளே போயே தீரும். ஆகவே அதைத் தடுக்கப் பார்க்காமல், "உள்ளே வெடிக்கட்டும்" என்றே வைத்துக்கொண்டு கூட்டைச் செய்கிறார்கள். வெடித்தால் உடையாத கனமான இரும்புக் கூடு. அதன் மூடியும் உடம்பும் சேருகிற இடத்தில் அகலமான, வழவழவென்று இழைத்த இரண்டு உலோக முகங்கள். இரண்டுக்கும் நடுவே தலைமுடி அளவில் ஓர் இடுக்கு. உள்ளே வெடித்த தீ அந்த நீண்ட இடுக்கு வழியாக வெளியே வருவதற்குள் குளிர்ந்து அணைந்துவிடும். டேவியின் வலைதான், வேறு உருவத்தில்.

இது புரிந்தால் கிடங்கில் சொல்கிற விதிகளெல்லாம் தானாகப் புரியும். மூடியில் பன்னிரண்டு போல்ட் என்றால் பன்னிரண்டும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அந்தப் பக்கம் இடுக்கு திறக்கும். சேரும் முகத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பக் கூடாது, ஒரு கீறல் தீக்கு ஒரு வாய்க்கால். ஒழுகுகிறதே என்று நல்லெண்ணத்தில் பெயிண்டோ பசையோ அப்பக் கூடாது. கேபிள் நுழையும் இடத்தில் அதற்கென்று சான்று பெற்ற கிளாண்ட் இல்லாமல் சாதாரணமானதைப் போட்டால், மோட்டாருக்குக் கொடுத்த காசெல்லாம் வீண். என் மாணவனுக்கு நான் எழுதி அனுப்பியது இதுதான்: "இந்த மோட்டார் வெடிக்காதுன்னு சொல்லிக் கொடுக்காதே. உள்ளே வெடிச்சாலும் வெளியே சொல்லாதுன்னு சொல்லிக் கொடு." சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பினான். பையன்களுக்குப் பிடித்துவிட்டதாம்.

தகட்டின் மற்ற எழுத்துகளையும் சொல்லிவிடுகிறேன். டி என்றால் இந்த ஃப்ளேம்ப்ரூஃப் முறை. டூ பி என்பது எந்த வகை வாயுவுக்கு என்பது. பெட்ரோல் ஆவி டூ ஏ-யிலேயே அடங்கும். ஹைட்ரஜன், அசிட்டிலின் போன்ற பொல்லாதவை டூ சி. டி4 என்றால் மோட்டாரின் எந்த மேற்பரப்பும் 135 டிகிரியைத் தாண்டாது. மோட்டாரை எங்கே வைக்கிறோம் என்பதற்கு மூன்று வளையங்கள் உண்டு. எப்போதும் ஆவி இருக்கும் இடம் மண்டலம் 0, வழக்கமான வேலையின்போதே வரக்கூடிய இடம் 1, ஏதாவது கோளாறானால் மட்டும் வரும் இடம் 2. அதற்கு வெளியே சாதாரண இடம், சாதாரண சுவிட்ச், சாதாரண டியூப்லைட். நம் நாட்டில் இந்தக் கருவிகளை தன்பாத்தில் இருக்கும் சுரங்க ஆராய்ச்சி நிறுவனம் போன்ற கூடங்கள் சோதிக்கின்றன, நாக்பூரில் இருக்கும் வெடிபொருள் பாதுகாப்புத் துறை அனுமதி தருகிறது. தன்பாத் ஏன் என்றால் அது நிலக்கரிச் சீமை. 1965 மே 28-ல் அதே வட்டாரத்தைச் சேர்ந்த தோரி சுரங்கத்தில் வெடித்து 268 பேர் மாண்டார்கள்.

இந்த மண்டலம் என்பது காகிதத்தில் ஒரு மனிதன் இழுத்த கோடு. ஆவிக்கு அந்தக் கோடு தெரியாது. இனி நான் சொல்லப் போகிறவையெல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியே நடந்தவை.

ஜெய்ப்பூர், சீதாபுரா, இந்தியன் ஆயில் கிடங்கு. 2009 அக்டோபர் 29, சாயங்காலம் ஆறு மணி வாக்கு. ஒரு தொட்டியிலிருந்து பக்கத்தில் இருக்கும் இன்னொரு கம்பெனியின் கிடங்குக்குப் பெட்ரோல் அனுப்பக் குழாய் வழியைத் தயார் செய்கிறார்கள். குழாயில் ஹேமர் பிளைண்ட் என்று ஒரு தடுப்பு உண்டு. அதை மாற்றும்போது குழாயின் மேற்பக்கம் திறந்திருக்கும். அந்த நேரத்தில் தொட்டியின் வால்வும் திறந்திருந்தது. பெட்ரோல் நீரூற்று மாதிரி மேலே பீறிட்டது. வால்வை மூடப் போனவர் ஆவியில் மூச்சுத் திணறி விழுந்தார். அவரைத் தூக்கப் போனவரும் விழுந்தார். கட்டுப்பாட்டு அறையிலிருந்தே வால்வை மூடும் வசதி வேலை செய்யவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல், ஏறக்குறைய 75 நிமிஷம், சுமார் ஆயிரம் டன் பெட்ரோல் வெளியே கொட்டியது. ஆவி வளாகம் முழுக்கப் பரவியது. ஏழரை மணிக்கு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள், அதில் 5 பேர் வெளி ஆட்கள். 11 தொட்டிகள் எரிந்தன. அணைக்க முடியாது என்று முடிவு செய்து எரிந்து தீரட்டும் என்று விட்டார்கள். 11 நாள் எரிந்தது.

எது பற்றவைத்தது? எம்.பி. லால் தலைமையிலான விசாரணைக் குழு 2010 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. நிர்வாகக் கட்டடத்தில் இருந்த ஃப்ளேம்ப்ரூஃப் அல்லாத சாதாரண மின்சாதனமாக இருக்கலாம், அல்லது வளாகத்தில் யாரோ கிளப்பிய வண்டியாக இருக்கலாம் என்றது. கவனியுங்கள், இரண்டுமே அந்த விசேஷ மோட்டார்கள் இல்லை. ஓர் ஆபீஸ் சாதனம், ஒரு வண்டி. என்னை உறுத்துவது அந்த 75 நிமிஷம்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு பீரியட் நேரம். வெளியே நின்று மூடுகிற ஒரே ஒரு வால்வு வேலை செய்திருந்தால் இந்தப் பதிவில் ஜெய்ப்பூர் வந்தே இருக்காது.

நாலு வருஷம் முன்னால், 2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. லண்டனுக்கு வடக்கே பன்ஸ்ஃபீல்ட் கிடங்கு. தொட்டியில் அளவு காட்டும் கருவி சிக்கிக்கொண்டது, நிரம்பினால் தானாக நிறுத்த வேண்டிய கருவியும் வேலை செய்யவில்லை. இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் வழிந்தது. வெள்ளையாக மூடுபனி போல ஆவி தரையில் பரவுவதை லாரி டிரைவர்கள் பார்த்து எச்சரித்தார்கள். 6 மணி 1 நிமிஷத்துக்கு யாரோ தீ எச்சரிக்கைப் பொத்தானை அழுத்தினார்கள். அழுத்தியதும் மணி அடிக்கும், தீயணைப்பு நீர் பம்ப் தானாக ஓடத் தொடங்கும். அடுத்த கணமே வெடித்தது. தீயணைப்பு பம்ப் கிளம்பியபோது வந்த பொறிதான் பற்றவைத்திருக்க வேண்டும் என்று விசாரணையில் சொன்னார்கள். ஞாயிறு காலை என்பதால் 43 பேர் காயத்தோடு தப்பினார்கள், உயிர்ச்சேதம் இல்லை. அழுத்தியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீ என்றால் தண்ணீர் பம்பைத்தானே போடுவோம்? தண்ணீர் பம்புக்கு எதற்கு விசேஷ மோட்டார் என்று கோடு போட்டவரும் நினைத்திருப்பார்.

தண்ணீர் பம்ப் என்றதும் இன்னொன்று. இது எண்ணெய்க் கிடங்கே இல்லை. வடக்கு இங்கிலாந்தில் அபேஸ்டெட். ஓர் ஆற்றுத் தண்ணீரைச் சுரங்கக் குழாய் வழியாக இன்னோர் ஆற்றுக்குக் கொண்டு போகும் திட்டம். கீழ்க்கரையில் இருக்கும் கிராமத்துக்காரர்களுக்கு, இந்தத் தண்ணீரால்தான் நம் ஊரில் வெள்ளம் வருகிறதோ என்று சந்தேகம். "வந்து பாருங்கள், பம்பை ஓட்டிக் காட்டுகிறோம்" என்று அழைத்தார்கள். 1984 மே 23 சாயங்காலம், பூமிக்கடியில் இருந்த வால்வு அறையில் 44 பேர் கூடினார்கள். குடும்பத்தோடு வந்தவர்கள் உண்டு. பம்ப் சில நாட்களாக ஓடாததால் சுரங்கக் குழாயில் தண்ணீருக்குப் பதில் வெற்றிடம், அந்த இடத்தில் பாறையிலிருந்து கசிந்த மீத்தேன். பம்பைப் போட்டார்கள். ஏறிவந்த தண்ணீர், பிஸ்டன் மாதிரி, வாயு முழுவதையும் இவர்கள் நின்றிருந்த அறைக்குள் தள்ளியது. 16 பேர் இறந்தார்கள். பொறி எங்கிருந்து வந்தது என்று கடைசி வரை தெரியவில்லை. இந்தச் சம்பவத்தைப் படித்த அன்று என்னால் வேறு எதுவும் படிக்க முடியவில்லை.

"சரி டீச்சர், இதெல்லாம் சீமையிலும் ராஜஸ்தானத்திலும் நடந்தது, தாம்பரத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். மணலியிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு விமான எரிபொருள் குழாய் வழியாகத்தான் வருகிறது. விமான எரிபொருள் பெட்ரோல் மாதிரி பொல்லாதது இல்லை, 38 டிகிரிக்குக் கீழே அதன் ஆவி சாதாரணமாகப் பற்றாது என்று புத்தகத்தில் இருக்கும். அது குளிர்நாட்டுக்குப் பெரிய நிம்மதி. நம் மீனம்பாக்கத்தில் அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது என்று வானிலைச் செய்தியில் வருஷா வருஷம் கேட்கிறோம். வெயிலில் நிற்கும் இரும்பு இன்னும் எவ்வளவு சுடும் என்று வெறுங்காலோடு மொட்டைமாடிக்குப் போனவர்களுக்குத் தெரியும். பெருங்குடியில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், நல்ல காரியம். அதே வாயு நம் தெருமுனைக் கழிவுநீர்க் கிணற்றிலும் ஊறுகிறது, அங்கே அதை யாரும் சேகரிப்பதில்லை. அதற்குள் முங்கி நிற்கும் பம்ப், தண்ணீருக்குள் இருக்கிற வரை குளிர்ச்சியாக இருக்கும். மட்டம் இறங்கி மோட்டார் வெளியே தெரிந்தபடி ஓடினால் சூடேறும். அதற்குத்தான் மட்டம் குறைந்தால் நிறுத்தும் மிதவை சுவிட்ச். பிளாஸ்டிக் பையும் துணியும் சிக்கி அந்த மிதவை எழும்பியபடியே நின்றுவிடுவது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

எல்லாவற்றையும்விட நமக்கு நெருக்கமானது தொண்டியார்பேட்டை. 2013-ல் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களில் போர்வெல் தண்ணீரில் எண்ணெய் வந்தது. துறைமுகத்திலிருந்து போகும் பாரத் பெட்ரோலியம் குழாயில் கசிவு என்று தெரிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் வழக்கு போனது. குடிக்கத் தண்ணீர் இல்லை, நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்றுதான் அப்போது பேசினார்கள், அது நியாயம்தான். எனக்கு இப்போது வேறொன்று தோன்றுகிறது. அந்த வீடுகளில் எல்லாம் காலையில் எழுந்ததும் என்ன செய்திருப்பார்கள்? மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மோட்டார் சுவிட்சைப் போட்டிருப்பார்கள். சாதாரண மோட்டார், மூடிய சின்ன இடம், தரையோடு ஊரும் ஆவி. மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் 1992 ஏப்ரல் 22-ல் இதே போலக் குழாயில் கசிந்த பெட்ரோல் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி, கிலோமீட்டர் கணக்கில் தெருக்களைப் பிளந்து, இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். பல நாட்களாக வாசனை வருகிறது என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். தொண்டியார்பேட்டையில் அப்படி நடக்கவில்லை.

ஆகவே இதை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். போர்வெல் தண்ணீரிலோ, சம்ப்பிலோ, பாத்ரூம் சாக்கடையிலோ பெட்ரோல், மண்ணெண்ணெய் வாசனை வந்தால் மோட்டாரைப் போடக் கூடாது. ஓடிக்கொண்டிருந்தால் அந்த இடத்திலேயே சுவிட்சை அணைக்கவும் கூடாது. போடும்போது வரும் பொறி அணைக்கும்போதும் வரும். தூரத்தில், வாசனை இல்லாத இடத்தில் மெயின் இருந்தால் அங்கே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் விட்டுவிட்டு ஆட்களை வெளியே அழைத்துக்கொண்டு போங்கள். வெளியே போய் 101 அல்லது 112. சமையல் வாயு என்றால் 1906. கிணற்றிலோ சம்ப்பிலோ யாராவது மயங்கி விழுந்தால் பின்னாலேயே இறங்காதீர்கள். ஜெய்ப்பூரில் இரண்டாவதாகப் போனவர் எப்படி விழுந்தார் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

2013-ல் தொண்டியார்பேட்டையில் குடியிருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் யார் எப்படிக் கண்டுபிடித்தார்கள், வாசனையா, நிறமா, அன்றைக்கு மோட்டாரைப் போட்டீர்களா என்று எனக்கு எழுதுங்கள். என் மாணவன் அடுத்த வாரம் புதுப் பையன்களுக்கு மறுபடி வகுப்பு எடுக்கிறான், அவனிடம் கொடுக்கிறேன்.